தன்னெதிர்ப்பு நோய்களில் இயற்கைக் கொல்லி டி உயிரணுக்களின் பங்கு

இயற்கைக் கொல்லி டி உயிரணுக்கள் (சுருக்கமாக என்.கே.டி. உயிரணுக்கள்) என்பவை வெள்ளையணுக்களுள் ஒன்றான டி உயிரணுக்களின் ஒரு சிறு பிரிவாகும். டி உயிரணுக்களுக்குரிய ஏற்பியையும், இயற்கைக் கொல்லி உயிரணுக்களின் மேற்பரப்பில் காணப்படும் சில மூலக்கூறுகளையும் ஒருங்கே கொண்டிருப்பதால் இவை இப்பெயர் பெற்றன. உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் சொந்த இழையங்களையே தாக்குவதால் தோன்றுபவை தன்னெதிர்ப்பு நோய்கள் எனப்படுகின்றன. என்.கே.டி. உயிரணுக்கள் இந்நோய்களுள் சிலவற்றைத் தடுப்பதும் வேறு சிலவற்றைத் தீவிரப்படுத்துவதும் ஆய்வுகளில் அறியப்பட்டுள்ளது.

செயற்பாடு

வழமையான டி உயிரணுக்கள் புரதத் துணுக்குகளை அடையாளம் காண்கின்றன. என்.கே.டி. உயிரணுக்களோ சிடி1டி என்னும் மூலக்கூறு ஏந்திக் காட்டும் கொழுப்புப் பொருட்களை அடையாளம் காண்கின்றன. தூண்டப்பட்ட சில மணி நேரத்திலேயே இவை சைட்டோக்கைன்கள் எனப்படும் செய்திப் புரதங்களைப் பெருமளவில் சுரக்கின்றன. அழற்சியைத் தூண்டும் காமா இன்டர்ஃபெரானும், பல சூழல்களில் அதனை மட்டுப்படுத்தும் இன்டர்லியூக்கின்-4 உம் அவற்றுள் அடங்கும். எதிரெதிர் இயல்புடைய இவ்விரண்டில் எது மேலோங்குகிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

தூண்டும் பொருள்

சப்பானின் கிரின் மதுவடி நிறுவன ஆய்வாளர்கள் புற்றுநோய்க்கு எதிரான பொருட்களைத் தேடியபோது, ஒக்கினாவா கடற்பகுதியின் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து ஒருவகைக் கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதனையொட்டிச் செயற்கையாக உருவாக்கப்பட்ட ஆல்ஃபா-காலக்டோசில்செரமைடு, என்.கே.டி. உயிரணுக்களை வலுவாகத் தூண்டுவது 1997இல் கண்டறியப்பட்டது. இவ்வுயிரணுக்களை விரும்பியபோது தூண்டி ஆராய இது வழிவகுத்தது.

நோய்கள்

முதல் வகை நீரிழிவு: கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிக்கப்படுவதால் இது ஏற்படுகிறது. தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவு தன்னெதிர்ப்பு நோயன்று. தானாகவே இந்நோய்க்கு ஆளாகும் என்.ஓ.டி. சுண்டெலிகளில் என்.கே.டி. உயிரணுக்கள் குறைவாகவும் திறன் குன்றியும் உள்ளன. ஆல்ஃபா-காலக்டோசில்செரமைடு அவற்றில் நோயைத் தடுப்பதாக 2001இல் அறியப்பட்டது. மனிதரிலும் இக்குறைபாடு உள்ளதாக 1998இல் வெளியான ஆய்வு கூறியது. 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு எண்ணிக்கையில் வேறுபாடு காணவில்லை.

தண்டுவட மரப்பு நோய்: நரம்பிழைகளின் உறை சிதைவுறும் நோய் இது. ஆல்ஃபா-காலக்டோசில்செரமைடின் கொழுப்புச் சங்கிலிகளுள் ஒன்றைக் குறுக்கி உருவாக்கப்பட்ட ஓ.சி.எச். என்னும் பொருள், இன்டர்லியூக்கின்-4ஐயே மிகுதியாகச் சுரக்கச் செய்து, இந்நோயையொத்த சுண்டெலி நோயைத் தடுத்தது (2001).

லூப்பசு: தோல், மூட்டு, சிறுநீரகம் முதலிய பல உறுப்புகளைத் தாக்குவது. சுண்டெலிகளில் வேதிப்பொருளால் இந்நோயை உண்டாக்கி மேற்கொள்ளப்பட்ட ஆய்வில் (2005), ஆல்ஃபா-காலக்டோசில்செரமைடு ஓர் இனத்தைக் காத்தது. மற்றோர் இனத்தில் நோயை மோசமாக்கியது. மருந்தும் நோயும் ஒன்றேயாயினும் மரபுவழி மாறியபோது விளைவும் மாறியது.

மூட்டழற்சி: சுண்டெலிகளில் எதிர்ப்பொருட்களால் உண்டாக்கப்படும் மூட்டழற்சியை என்.கே.டி. உயிரணுக்கள் வளர்ப்பதாக அறியப்பட்டுள்ளது.

மருத்துவப் பயன்பாடும் சிக்கல்களும்

சுண்டெலியின் கல்லீரலில் இவ்வுயிரணுக்கள் மிகுதியாக உள்ளன. மனிதக் குருதியில் உள்ள டி உயிரணுக்களில் இவை பொதுவாக ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே. அளவும் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிறது. ஆகவே சுண்டெலியில் கிடைத்த முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது. மேலும், ஒருமுறை வலுவாகத் தூண்டப்பட்ட என்.கே.டி. உயிரணுக்கள் அதன்பின் நெடுநாள் தூண்டலுக்கு இணங்காதிருக்கக்கூடும்.

இவற்றைத் தூண்டும் மருந்து ஒரு நோயாளிக்கு நன்மையும் மற்றொருவருக்குத் தீமையும் விளைவிக்கலாம் என்பதால், இம்முறை தன்னெதிர்ப்பு நோய்களுக்கான வழமையான சிகிச்சையாக இன்னும் இடம்பெறவில்லை. விரும்பிய சைட்டோக்கைனை மட்டும் சுரக்கச் செய்யும் பொருட்களை உருவாக்குவதே இத்துறை ஆய்வுகளின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகும்.