கால் அங்குலக் கணக்கு

தைத்து முடிந்தபின் மூன்று அங்குலம் நிற்கவேண்டிய சதுரத் துணிகள் பன்னிரண்டை வரிசையாகச் சேர்த்தால் மொத்த நீளம் எவ்வளவு? முப்பத்தாறு அங்குலம் என்பது வாய்ப்பாட்டின் பதில். தையல் மெஷின் பெரும்பாலும் வேறு பதில் சொல்லும்.

துண்டுத் துணிகளைச் சேர்த்துக் குவில்ட் என்னும் போர்வையைப் பொழுதுபோக்காகத் தைக்கும் அமெரிக்கர்கள் தையலுக்கென்று ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் விடுகிறார்கள். ஆகவே துண்டை மூன்றரை அங்குலமாக வெட்டவேண்டும். இப்போது ஊசி ஒரு வீசம் உள்ளே தள்ளி ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு தையலிலும் இரண்டு துண்டுகள் மாட்டுவதால் இழப்பு அரைக்கால் அங்குலம் ஆகிறது. பன்னிரண்டு துண்டுக்குப் பதினோரு தையல். முடிவில் வரிசை ஒன்றேகாலே அரைக்கால் அங்குலம் குட்டையாகிவிடும். அடுத்த வரிசையில் ஆறே ஆறு பெரிய துண்டுகள் இருந்தால் அங்கே ஐந்து தையல்தான், இழப்பும் பாதிக்குக் கீழே. இந்த இரண்டு வரிசைகளையும் ஒன்றாக வைத்துத் தைக்க உட்காரும்போதுதான் விஷயம் தெரியவரும்: ஒரு மூலைகூட இன்னொரு மூலையைச் சந்திக்காது.

சரி, கால் அங்குலத்தைத் துல்லியமாகப் பிடித்துத் தைத்தால் போதுமா? போதாது. தைத்த துணியை மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பின் கனமும் நூலின் கனமும் கொஞ்சம் நீளத்தைத் தின்றுவிடும். அதனால் அனுபவசாலிகள் கால் அங்குலத்துக்கு ஓரிரு இழை குறைவாகவே தைக்கிறார்கள். பிழை வரும் என்று முன்கூட்டியே தெரிந்து அதற்கு இடம் விட்டு வேலை செய்வது பொறியாளர்களின் பழக்கம். சாப்பாட்டு மேஜையில் துணி வெட்டுகிறவர்களுக்கும் அது கைவந்திருக்கிறது.

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கும் தையல். இதில் மூழ்கியவர்களுடைய அலமாரிகளைத் திறந்தால் பதினெட்டுக்கு இருபத்திரண்டு அங்குலத்தில் வெட்டி மடித்த துணிகள் வண்ண வாரியாக அடுக்கியிருக்கும். வாங்கிய துணியில் பாதியைக்கூட ஆயுளுக்குள் தைத்து முடிக்க முடியாது என்பது அவர்களே சொல்லிச் சிரிக்கும் விஷயம். பாதியில் நிற்கும் வேலைகளை யு.எஃப்.ஓ. என்கிறார்கள். பறக்கும் தட்டு அல்ல, முடிக்காத உருப்படி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

சதுரத்தை விட்டு முக்கோணத்துக்கு வந்தால் கணக்கு இன்னும் சுவையாகிறது. குவில்டில் அதிகம் புழங்கும் உருப்படி, மூலைக்கு மூலை வெளிர்நிறமும் அடர்நிறமுமாகப் பிரிந்த சதுரம். இரண்டு முக்கோணங்களைச் சேர்த்து அதைச் செய்வார்கள். முக்கோணத்துக்கான சதுரத்தை எந்த அளவில் வெட்டுவது? முடிவளவுடன் முக்காலே அரைக்கால் அங்குலம் கூட்டு என்பது தலைமுறைகளாக வரும் விதி. ஏன் அந்த விசித்திரமான எண்? செங்கோண முக்கோணத்தின் இரண்டு நேர் ஓரங்களுக்கும் கால் அங்குலம் விடவேண்டும், சாய்ந்த ஓரத்துக்கும் கால் அங்குலம் விடவேண்டும். சாய்ந்த ஓரத்தைக் கால் அங்குலம் வெளியே நகர்த்தினால் நேர் ஓரத்தின் நீளம் கால் அங்குலத்தைப் போல √2 மடங்கு கூடும். ஆக மொத்தம் கூடுவது, கால் அங்குலம் பெருக்கல் (2 + √2). விடை 0.8536. முக்காலே அரைக்கால் என்பது 0.875. வித்தியாசம் அரை மில்லிமீட்டர், அதுவும் பெரிதாக வெட்டும் பக்கமாக, தைத்தபின் சீவிவிடலாம். பள்ளிக்கூடத்தில் கணக்கென்றாலே காத தூரம் ஓடியவர்கள்கூட இந்த விகிதமுறா எண்ணை அளவுகோலில் வைத்து அன்றாடம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதே இருநிறச் சதுரத்தைப் பற்றி 1704-ல் பிரான்ஸில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர் செபாஸ்டியன் ட்ரூஷே என்ற பாதிரியார். மூலைக்கு மூலை இரண்டு நிறமாகப் பிரிந்த தரை ஓடுகளைப் பார்த்தவர், அவற்றைத் திருப்பித் திருப்பி வைத்தால் எத்தனை கோலங்கள் கிடைக்கும் என்று எண்ணத் தொடங்கினார். ஒரு சதுரத்தை நான்கு விதமாகத் திருப்பலாம். நான்குக்கு நான்கு என்று பதினாறு சதுரங்களை அடுக்கினால் வழிகள் 4-ன் 16-ஆம் அடுக்கு: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. இதில் கணிசமானவை ஒன்றையொன்று திருப்பிப் போட்டவைதான். அவற்றைக் கழித்தாலும் மிச்சம் கோடிக்கணக்கில் இருக்கும். தைக்கும் முன் துண்டுகளைச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்து, மாற்றி, மறுபடி பார்த்து நாள் கணக்கில் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது.

அப்படிப் பார்க்கும்போது அவர்கள் கண்ணைப் பாதி மூடிக்கொள்வது வழக்கம். அல்லது போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பார்கள். ஓர் உருவத்தைப் பிரித்தறிய நம் பார்வை நிறத்தைவிட வெளிச்ச வேறுபாட்டையே அதிகம் நம்புகிறது. சிவப்பும் பச்சையும் ஒரே அடர்த்தியில் இருந்தால், அருகில் பளிச்சென்று தெரிந்த கோலம் நான்கடி தள்ளி நின்றால் மங்கிவிடும். மூன்று அடர்த்திகளில் சாய்சதுரங்களை அடுக்கினாலோ, தட்டையான துணியில் கனசதுரப் பெட்டிகள் எழுந்து நிற்கும்.

இதுவரை சொன்னது தாளில் நடக்கும் கணிதம். துணி தாள் இல்லை என்பதில்தான் எல்லாச் சிக்கலும். நெய்த துணியில் பாவும் ஊடையும் செங்கோணத்தில் கிடக்கின்றன. பாவின் திசையில் இழுத்தால் துணி அதிகம் கொடுக்காது. தறியில் விறைப்பாகக் கட்டி நெய்யப்பட்ட நூல் அது. ஊடையின் திசையில் சற்றுக் கொடுக்கும். நாற்பத்தைந்து டிகிரியில் இழுத்தால் கதையே வேறு. அங்கே எந்த நூலும் இழுவையை நேரே தாங்குவதில்லை. நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று சுழன்று, குட்டிச் சதுரங்கள் சாய்சதுரங்களாக நசுங்கி, துணி நீண்டு கொடுக்கிறது. கிராஸ் கட் பிளவுஸ் உடம்போடு ஒட்டி நிற்பதற்குக் காரணம் இந்தக் குணம்தான். டெய்லருக்கு வரமாக இருப்பது குவில்ட் தைப்பவருக்குத் தலைவலி. சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டிய முக்கோணத்தின் நீண்ட ஓரம் கிராஸில்தான் விழும். மெஷினின் பல் இழுக்கிற இழுப்பிலேயே அது நெளிந்துவிடும்.

மருந்து பழையதுதான்: கஞ்சி. ஸ்டார்ச் நூல்களின் சந்திப்புகளில் உலர்ந்து பசையாகி, அவை சுழலாமல் பிடித்துக்கொள்கிறது. இஸ்திரியிலும் ஒரு நியதி உண்டு. பெட்டியை முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்கவேண்டும். இதைச் சடங்கு என்று நினைக்கவேண்டாம். சூடும் ஈரமும் பட்ட பருத்தியை இழுத்தால் இழுத்த வடிவத்திலேயே உலர்ந்து நின்றுவிடும். துல்லியமாக வெட்டுவதற்கு 1979-ல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் வட்டமாகச் சுழலும் கத்தி ஒன்றைக் கொண்டுவந்தது. அட்டையை வைத்துக் கோடு போட்டு, துண்டு துண்டாகக் கத்தரித்துக்கொண்டிருந்த வேலையை அது மாற்றிப்போட்டது.

மேல்துணி முடிந்தால் பஞ்சு. போர்வைக்குச் சூடு கொடுப்பது பஞ்சு என்று நினைக்கிறோம். உண்மையில் பருத்தி இழை, அசையாத காற்றைவிடப் பல மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். பஞ்சின் வேலை காற்றை அசையவிடாமல் சிறை வைப்பது மட்டும்தான். காற்று ஓடினால் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். இழைகளுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகளில் மாட்டிக்கொண்டால் ஓட வழியில்லை. மேலே தைத்த ஒவ்வொரு கோட்டிலும் பஞ்சு நசுங்கி அந்த அறைகள் மூடிக்கொள்கின்றன. நெருக்கமாகத் தைத்த குவில்ட் பார்க்க அழகு, சூட்டில் குறைவு. தையலே இல்லாமல் விட்டாலோ நாலு சலவையில் பஞ்சு உருண்டு ஒரு மூலைக்குப் போய்விடும். பழங்காலக் குவில்ட்களில் தையல் அவ்வளவு நெருக்கமாக ஓடுவதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை, அன்றைய பஞ்சுக்கு வேறு வழி இல்லை. இன்று முள் ஊசிகளால் குத்திக் குத்தி இழைகளைப் பின்னிய விரிப்புகள் வந்துவிட்டதால் எட்டு அங்குலத்துக்கு ஒரு தையல்கூடப் போதுகிறது.

முதல் சலவையில் பருத்திப் பஞ்சு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். மேல்துணியை முன்பே நனைத்துக் காயவைத்திருந்தால் அது அவ்வளவு சுருங்காது. உள்ளே இருப்பது சுருங்கி வெளியே இருப்பது அப்படியே நிற்பதால், தையலுக்குத் தையல் துணி சின்னச் சின்னச் சுருக்கங்களாகப் புடைக்கிறது. புதிய குவில்டுக்குப் பாட்டி காலத்துத் தோற்றம் கொடுக்க இந்தச் சுருக்கத்தையே பலர் விரும்பிச் செய்கிறார்கள். மூலைகள் சந்திக்காத இடங்களை மறைக்கவும் அது உதவும் என்பது அவர்கள் வெளியே சொல்லாத காரணம்.

பழைய குவில்ட்களைப் பார்த்தால் இன்னொரு விந்தை. நூறு, நூற்றைம்பது ஆண்டுப் போர்வையில் நீலத்துண்டு திடமாக இருக்கும், பக்கத்திலேயே பழுப்புத் துண்டு பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். அதே பருத்தி, அதே வயது, அதே சலவை. வில்லன் சாயம். அந்தப் பழுப்பையும் கறுப்பையும் துவர்ப்புப் பொருளோடு இரும்பு உப்பைச் சேர்த்து உண்டாக்கினார்கள். கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் மை கறுப்பது இதே வேதிவினையில்தான். துணியில் தங்கிய இரும்பு, காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஈரமும் செல்லுலோஸைத் தாக்குவதற்கு வினையூக்கியாக நின்று, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அவுரி நீலத்துக்கு நிறம் பிடிக்க இரும்பும் வேண்டாம், படிக்காரமும் வேண்டாம். கரையாத துகளாக இழையில் படிந்து உட்கார்ந்துவிடும்.

இந்த வேதியியலின் ஒரு கிளை நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சித்திரத் துணிகளில் கடுக்காயும் பாலும் ஊட்டிய பருத்தியின்மேல் படிக்காரத்தால் வரைந்து, சாயவேரில் கொதிக்கவைத்துச் சிவப்பை எடுத்தார்கள். இரும்பால் வரைந்த கோடு கறுப்பாயிற்று. பருத்தியில் துவைத்தாலும் போகாத நிறம் என்பது அன்றைய ஐரோப்பியர்களுக்குப் புதுமை. உள்ளூர் நெசவாளர் பிழைப்பைக் காக்க பிரான்ஸ் 1686-லும் இங்கிலாந்து 1700-லும் தடை போடும் அளவுக்குத் துணி விற்றது. பின்னாளில், இத்துணிகளிலும் இவற்றைப் பார்த்து ஐரோப்பாவில் அச்சடித்த துணிகளிலும் இருந்த பூவையும் பறவையையும் மட்டும் கத்தரித்து வெள்ளைத் துணியில் வைத்துத் தைக்கும் குவில்ட் வகை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவியது. ஒரு முழத் துணியைப் பெரிய போர்வையாக்கும் சிக்கனம் அதில் இருந்தது. அத்தகைய துணிகளில் கறுப்புக் கோடு மட்டும் அரித்துப்போய், உள்ளே சிவப்பு இதழ்கள் கெடாமல் நிற்பதைக் காணலாம்.

பட்டின் கதை இன்னும் மோசம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடிவமில்லாத பட்டுத் துண்டுகளால் குவில்ட் தைக்கும் மோகம் அமெரிக்காவில் கிளம்பியது. பட்டை எடை போட்டு விற்ற காலம். பசை நீக்கும்போது பட்டு தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழக்கிறது. அதை ஈடுகட்ட உற்பத்தியாளர்கள் வெள்ளீய உப்பை ஏற்றினார்கள். அந்தப் போர்வைகளில் பட்டு இன்று நாடா நாடாவாகக் கிழிந்து தொங்குகிறது. நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன் நகரில் 1997-ல் தொடங்கிய சர்வதேசக் குவில்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் வெளிச்சத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்திச் சேதத்தைத் தாமதப்படுத்தலாம். உள்ளே ஏறிய உப்பை வெளியே எடுக்க முடியாது.

அறிவியலைக் குவில்டில் ஏற்றியவர்களும் உண்டு. அயோவாவைச் சேர்ந்த எல்லன் ஹார்டிங் பேக்கர் 1876 என்று ஆண்டு பொறித்த ஒரு குவில்டில் சூரியனையும், கிரகங்களின் சுற்றுப்பாதைகளையும், நிலவுகளையும், ஒரு வால்நட்சத்திரத்தையும் கம்பளித் துணியில் தைத்து, அதையே தொங்கவிட்டு வானியல் சொற்பொழிவு செய்தார். இன்று அது ஸ்மித்சோனியனில் இருக்கிறது.

2023-ல் கிளம்பிய மோகம் ‘தொப்பி’ என்ற வடிவம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வசிக்கும் டேவிட் ஸ்மித், ஓய்வுபெற்ற அச்சுத் தொழில்நுட்பர், கணித ஆர்வலர். திரும்பத் திரும்ப வராத கோலத்தில் மட்டுமே தளத்தை நிரப்பக்கூடிய ஒற்றை வடிவத்தை 2022-ல் கண்டெடுத்தார். மூன்று கணித, கணினி வல்லுநர்களுடன் சேர்ந்து அதன் நிரூபணத்தை 2023 மார்ச்சில் வெளியிட்டார். பதின்மூன்று பக்கங்கள், தொப்பி மாதிரி உருவம். செய்தி வந்த சூட்டோடு குவில்ட் உலகம் துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இரண்டு தடைகள். ஒன்று, உள்நோக்கி மடியும் மூலைகளை மெஷினில் தைப்பது பெரும் அவஸ்தை. இரண்டு, தளத்தை நிரப்ப ஏறக்குறைய எட்டில் ஒரு தொப்பி கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கவேண்டும். தரை ஓடாக இருந்தால் கவிழ்த்து வைக்கலாம். அச்சிட்ட துணியைக் கவிழ்த்தால் வெளுத்த பின்பக்கம் தெரியும், எனவே தனியாக வெட்டவேண்டும்.

தொப்பியின் உடற்கூறே வழி காட்டுகிறது. அறுகோணத்தின் மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் நடுவுக்கும் கோடு இழுத்தால் ஆறு பட்டங்கள் கிடைக்கும்; அத்தகைய எட்டுப் பட்டங்கள் சேர்ந்ததுதான் தொப்பி. பட்டத்துக்கு இடமும் வலமும் ஒன்றே, ஆகவே திரும்பிய தொப்பிக்கும் அதே துண்டுகள் போதும். உள்மடிந்த மூலைகள் எல்லாம் பட்டங்களின் நேர் ஓரங்கள் சந்திக்கும் இடங்களாகிவிடுகின்றன. காகிதப் பட்டத்தின்மேல் துணியை மடித்து, ஓரத்தோடு ஓரம் வைத்துக் கையால் தைக்கும் பழைய ஆங்கிலேய முறை இதற்கு அப்படியே பொருந்துகிறது. காகிதத்தைச் சரியாக வெட்டிவிட்டால் கால் அங்குலம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அங்கே கவலையில்லை.