பாலைவழியில் மோட்டல்

நெடுவழி செல்வோர்க்கு வேண்டுவன மூன்று: தண்ணீர், உணவு, இரவில் தலை சாய்க்க ஓர் இடம். ஊர்கள் நெருங்கியுள்ள நாட்டில் இம்மூன்றும் எளிதில் கிடைக்கும். ஆதலால் இவற்றின் அருமை தெரிவதில்லை. பாலையிலேதான் தெரியும். நம் நாட்டில் சத்திரமும் சாவடியும் தண்ணீர்ப்பந்தலும் தோன்றியது இத்தேவையால். அமெரிக்க நாட்டின் தென்மேற்குப் பாலையில் இதே தேவையால் வளர்ந்தது மோட்டல். சத்திரம் அறத்துக்காக எழுந்தது. மோட்டல் ஆதாயத்துக்காக எழுந்தது. ஆயினும், முன்பின் அறியாத ஒருவருக்கு இரவில் கதவு திறப்பதே இரண்டின் கடமையும். அக்கடமையை மோட்டல் எப்படிக் கற்றது, யாருக்குக் கதவு திறக்க மறுத்தது, பிறகு எப்படித் திறந்தது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழியின் இயல்பு

லாஸ் ஏஞ்சலீசிலிருந்து ஆல்புகெர்க்கி வரை ஏறத்தாழ 1,270 கிலோமீட்டர் தொலைவை, அங்குப் பணியாற்றும் என் தமையனாருடன் ஒரு ஜூலை மாதத்தில் காரில் கடந்தேன். வழி பெரும்பாலும் பாலை. முதலில் மொகாவே பாலைவனம். அதன் மேற்கில் பார்ஸ்டோ என்னும் ஊர். கிழக்கில், கொலராடோ ஆற்றங்கரையில், நீடில்ஸ் என்னும் ஊர். இடைவெளி சுமார் 230 கிலோமீட்டர். இடையில் ஊர் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை; ஓரிரண்டு பெட்ரோல் நிலையங்களே உள்ளன. முழங்கால் உயரப் புதர்களும், நீர் வற்றி வெளுத்த ஏரித் தரைகளும், மரமற்ற பழுப்பு மலைகளுமே காட்சி. சாலையை ஒட்டியும் விலகியும் ஓர் இருப்புப்பாதை செல்கிறது. சங்க இலக்கியம் பயின்றவர்க்குப் பாலை என்றால் வெம்மையும் ஆறலை கள்வரும் நினைவுக்கு வருவர். இவ்வழியின் வரலாற்றில் அவ்விரண்டுக்கும் இடமுண்டு.

புகைவண்டிக் காலம்

பாலையில் முதலில் விடுதிகளை வரிசையாக அமைத்தது மோட்டார் அன்று, புகைவண்டி. நீராவி எஞ்சினுக்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும். வண்டி நின்ற இடத்தில் மக்கள் பசியாற வேண்டும். பிரெட் ஹார்வி என்பவர் 1876ஆம் ஆண்டு கான்சஸ் மாநிலத்து டொபீகா நிலையத்தில் ஓர் உணவுச்சாலையை ஏற்று நடத்தத் தொடங்கினார். பிறகு சான்டா பே இருப்புப்பாதை நெடுகிலும் அவர் பெயரால் உணவுச்சாலைகளும் விடுதிகளும் பரவின. எந்த நிலையத்தில் இறங்கினாலும் அதே தூய்மை, அதே காப்பி, ஒரே சீருடை அணிந்து பரிமாறும் பெண்கள். நீடில்சில் 1908இலும், பார்ஸ்டோவில் 1911இலும், வின்சுலோவில் 1930இலும் எழுந்த ஹார்வி மாளிகைகள் இன்றும் நிற்கின்றன. பார்ஸ்டோ மாளிகையின் பெயரான 'காசா டெல் டெசியர்ட்டோ' என்பதற்குப் 'பாலைவன இல்லம்' என்று பொருள். வின்சுலோ மாளிகை இன்று மீண்டும் விடுதியாக நடக்கிறது. ஒரே பெயரில் ஊருக்கு ஊர் கிளை வைக்கும் முறை, மோட்டல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே இப்பாலையில் வேர்கொண்டுவிட்டது.

பெயர் வந்த கதை

1926ஆம் ஆண்டு சிகாகோவையும் கலிபோர்னியாவையும் இணைக்கும் 66ஆம் எண் நெடுஞ்சாலை வகுக்கப்பட்டது. கார் வைத்திருந்தவர்கள் பாலையைத் தாமே கடக்கத் துணிந்தனர். கித்தான் பைகளில் தண்ணீர் நிரப்பி வண்டியின் முன்புறம் தொங்கவிட்டுக்கொண்டனர்; வெயிலுக்கு அஞ்சி இரவில் ஓட்டினர். வழியில் மரக்குடில்களைக் கட்டி வாடகைக்கு விட்டோர் பலர். 1925 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்னும் ஊரில் ஆர்தர் ஹைன்மன் என்னும் கட்டடக் கலைஞர் ஒரு விடுதி திறந்தார். மோட்டார், ஹோட்டல் என்னும் இரு சொற்களையும் சேர்த்து 'மோட்டல்' என்று அதற்குப் பெயரிட்டார். சொல் சிறியது, பலகையில் எழுத எளிது, நாடு முழுதும் பரவியது.

மோட்டலின் அமைப்பும் பெயருக்கு ஏற்றதே. பகரம் போல் மூன்று புறமும் அறைகள். நடுவில் வண்டி நிறுத்தும் முற்றம். ஒவ்வோர் அறையின் கதவும் வண்டியை நோக்கித் திறக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடமாளிகை வழியே நடக்க வேண்டியதில்லை. புழுதி படிந்த உடையுடன் பலர் முன் நிற்க வேண்டியதும் இல்லை.

ஒன்றுபோல் ஒன்று

ஆனால் அறியாத ஊரில் அறியாத விடுதியை எப்படி நம்புவது? 1940இல் மத்தியப் புலனாய்வுத் துறைத் தலைவர் எட்கர் ஹூவர், சாலையோர விடுதிகள் குற்றவாளிகளின் புகலிடங்கள் என்றே ஒரு பத்திரிகையில் எழுதினார். நல்ல விடுதிக்காரர்களுக்கும் இதனால் பழி. ஒருவரையொருவர் பரிந்துரைத்துக்கொள்வதே வழி என்று கண்டு, 1946இல் கெர்டின் என்பவர் 'பெஸ்ட் வெஸ்டர்ன்' கூட்டமைப்பைத் தொடங்கினார். 1951இல் மெம்பிஸ் நகரத்து கெம்மன்ஸ் வில்சன் குடும்பத்துடன் வாஷிங்டனுக்குக் காரில் சென்றார். குழந்தை ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டணம் கேட்ட விடுதிகளைக் கண்டு சினந்தார். மறு ஆண்டே முதல் 'ஹாலிடே இன்' விடுதியைக் கட்டினார். குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. எல்லா விடுதியும் ஒரே தரம். இருபது ஆண்டுகளில் அவை 1,400ஐத் தாண்டின. 1962இல் கட்டட ஒப்பந்தக்காரர் இருவர் சான்டா பார்பராவில் இரவுக்கு 6 டாலர் வாடகையில் ஒரு விடுதி திறந்தனர். வாடகையே பெயராகி 'மோட்டல் 6' ஆயிற்று.

இவ்விடுதிகளில் பெயர் ஒருவருடையது, கட்டடம் மற்றொருவருடையது என்பதே பொதுவான ஏற்பாடு. உரிமையாளர் வருவாயில் ஒரு பங்கைக் கம்பெனிக்குக் கட்டுவார். கம்பெனி தரத்தைச் சோதிக்கும். தன் பெயரையும் வாடிக்கையாளரையும் தரும். கட்டிலின் அளவு, விளக்கின் இடம், துண்டுகளின் எண்ணிக்கை எல்லாம் முன்பே வகுத்தவை.

நாங்கள் நீடில்சை அடைந்தபோது இரவு ஒன்பதரை மணி. அப்போதும் வெப்பம் 40 பாகை செல்சியசு. மோட்டலின் பெயர்ப்பலகை, பனையினும் உயர்ந்த கம்பத்தின்மேல், ஊருக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. கம்பம் உயர்ந்திருப்பது பகட்டுக்காக அன்று. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் பலகையைக் கண்டு, எண்ணிப்பார்த்து, விலகுபாதையில் திரும்பப் போதிய நேரம் வேண்டும். மாடிப்படிக்குக் கீழே பனிக்கட்டி இயந்திரம். மறுநாள் பயணத்துக்கு வேண்டிய பனிக்கட்டியை வாளியில் அள்ளிக்கொள்ளலாம். அறையில் சன்னலுக்கு அடியில் குளிர்பதனப் பெட்டி. முற்காலத்தில் இப்பக்கத்து விடுதிகளில் ஈரத் தட்டி வழியே காற்றை இழுக்கும் கருவிகளே இருந்தன. வறண்ட காற்றில் நீர் விரைந்து ஆவியாகும். ஆவியாகும்போது வெப்பத்தைக் கவரும். நம் பல்கலைக்கழக விடுதிகளில் மே மாதம் ஓடும் கூலரின் தத்துவமும் இதுவே. சென்னையின் ஈரக் காற்றில் அது பயன்படாதது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

ஒருமைக்கு ஒரு விலையும் உண்டு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த புதிய பெருவழிகள் சிற்றூர்களை விலக்கிச் சென்றன. 1973இல் 40ஆம் எண் பெருவழி திறந்ததும் ஆம்பாய் என்னும் பாலைச் சிற்றூர் வெறிச்சோடியது. 1985இல் 66ஆம் எண்ணே நீக்கப்பட்டது. ஹோல்புரூக்கில் 1950இல் செவ்விந்தியர் கூடாரம்போல் கட்டிய மோட்டல் போன்ற விசித்திரங்கள் சிலவே எஞ்சியுள்ளன. அழகு குறைந்தது உண்மை. ஆயினும் நள்ளிரவில் களைத்து வருபவருக்கு வேண்டுவது புதுமை அன்று, உறுதி.

மூடிய கதவுகள்

அவ்வுறுதி நெடுங்காலம் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. 66ஆம் நெடுஞ்சாலையைப் புகழும் பாட்டை 1946இல் பாடி நாடெங்கும் பரப்பியவர் நாட் கிங் கோல் என்னும் நீக்ரோப் பாடகர். அச்சாலையின் விடுதிகள் பலவற்றில் அவர் இனத்தார்க்கு அறை கிடையாது. பணம் இருந்தும் கதவு மூடும். பாலையில் வண்டியிலேயே துயில வேண்டும், அல்லது இரவெல்லாம் ஓட்ட வேண்டும். விக்டர் ஹியூகோ கிரீன் என்னும் நியூயார்க் தபால்காரர், அவ்வினத்தாரை ஏற்கும் விடுதிகளைத் தொகுத்து 1936 முதல் 'பச்சைப் புத்தகம்' என்னும் கையேட்டை வெளியிட்டார். பாலைவழியில் ஆறலை கள்வரினும் கொடியது 'இடமில்லை' என்ற சொல்.

1964 ஜூலையில் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அட்லான்டா நகரத்து 216 அறை மோட்டல் ஒன்று உடனே வழக்குத் தொடுத்தது. யாருக்கு அறை தருவது என்பது தன் விருப்பம் என்றது. அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மறுத்தது. தீர்ப்பு சமத்துவம் என்ற சொல்லின்மேல் மட்டும் நிற்கவில்லை, வணிகத்தின்மேல் நின்றது. அம்மோட்டலில் தங்கியவருள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் வெளி மாநிலத்தார். வழியில் தங்க இடம் இல்லையேல் மக்கள் மாநிலம் விட்டு மாநிலம் செல்லார். அதனால் மாநிலங்களுக்கு இடைப்பட்ட வணிகம் தடைப்படும். அதைக் காக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு. வழிப்போக்கர் என்பதே உரிமைக்கு ஆதாரமாயிற்று.

குஜராத்தியர் கைக்கு வந்தது

நீடில்ஸ் மோட்டலில் எங்களுக்குச் சாவி கொடுத்தவர் சூரத் பக்கத்து அம்மையார். எங்கள் இந்தியைக் கேட்டுச் சிரித்தார். "தில்லியில் படித்தும் இவ்வளவுதானா, பேட்டா? காலை ஐந்து மணிக்கே புறப்பட்டுவிடுங்கள். வெயில் ஏறுமுன் மலை ஏறிவிடலாம். தண்ணீர் இருக்கிறதா?" என்றார்.

அவர் அங்கிருந்தது தற்செயல் அன்று. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின்னும், 1972இல் உகாண்டாவிலிருந்து வெளியேற்றப்பட்ட பின்னும், குஜராத்தியர் பலர் அமெரிக்கா சேர்ந்தனர். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியால் நொடித்த மோட்டல்களை மலிவாக வாங்கினர். குடும்பமே அங்குக் குடியிருந்து, குடும்பமே வேலை செய்தது. போட்டியாளர் சிலர் 'அமெரிக்கர் உடைமை' என்று பலகை வைத்து வாடிக்கையாளரை இழுத்தனர். காப்பீட்டுக் கம்பெனிகள் கைவிட்டன. அவர்களே சங்கம் கண்டனர். 1989இல் அமைந்த ஆசிய அமெரிக்க ஓட்டல் உரிமையாளர் சங்கம், அந்நாட்டு ஓட்டல்களில் பாதிக்கு மேல் இன்று தம் உறுப்பினருடையவை என்கிறது. 'மோட்டல் 6' நிறுவனத்தையே 2024ஆம் ஆண்டு நம் நாட்டு 'ஓயோ' 52.5 கோடி டாலருக்கு வாங்கியது.

நமக்கு

அமெரிக்கத் தீர்ப்புக்குப் பதினான்கு ஆண்டு முன்பே, 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு இதைச் சொல்லிவிட்டது. சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாகக் கடை, உணவுச்சாலை, ஓட்டல், கிணறு, குளம், சாலை எதுவும் எவருக்கும் மறுக்கப்படலாகாது. வாடகை வீடு அப்பட்டியலில் இல்லை. ஊர் விட்டு ஊர் வந்து அறை தேடிய தமிழ் மாணவர்க்கு இது நூலறிவு அன்று. என்ன உண்பீர், எந்தச் சாதி, எந்த ஊர் என்று வாயிலிலேயே கேட்கப்பட்டு, 'இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார்' என்ற விடையுடன் படியிறங்கியவர் நம்மில் பலர்.

கிளை ஓட்டல் நம்மை அறியாது; அறிய விரும்பவும் இல்லை. அடையாளச் சீட்டைப் பார்க்கும், பணத்தைப் பெறும், சாவியைத் தரும். அன்பில்லாத முறை என்று இதைக் குறைகூறுவோர் உண்டு. ஆனால் அன்பை நாட வேண்டிய இடம் வேறு, உரிமை இருக்க வேண்டிய இடம் வேறு. அயலாரிடம் கேட்கத் தகாத கேள்வியைக் கேளாதிருப்பதும் ஒரு விருந்தோம்பலே. சாவி கொடுத்தபின் 'தண்ணீர் இருக்கிறதா?' என்று கேட்பது அதனினும் பெரிய விருந்தோம்பல். முன்னதைச் சட்டம் கற்றுத்தரும். பின்னதை மனிதர்தாம் கற்க வேண்டும்.