பழையாறு ஏன் வற்றுவதில்லை?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பூதப்பாண்டி வழியாக ஓடும் பழையாறு, ஆறு என்ற பெயருக்குச் சற்றுச் சிறியதுதான். சுருளோட்டுப் பக்கத்து மலையடியில் புறப்பட்டு மணக்குடியில் கடல் சேர்வதற்குள் ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் அதன் பயணம் முடிந்துவிடுகிறது. ஆனாலும் வற்றாத ஆறு என்று பெயரெடுத்திருக்கிறது. மலை இருக்கிறது, மழை இருக்கிறது, வற்றாமல் ஓடுகிறது என்பார்கள். இதில் உண்மை உண்டு. தென்மேற்குப் பருவத்து இடவப்பாதி மழை, வடகிழக்குப் பருவத்து ஐப்பசி மழை இரண்டுமே பெய்யும் மண் இது. கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகம் நெல் விளைந்ததும் அதனால்தான். இந்த மலைத்தொடரின் மகேந்திரகிரிக்குக் கிழக்கே ராதாபுரம் வறண்டு கிடப்பதைப் பார்த்தால் மழையின் பங்கு விளங்கும்.

ஆனால் மழை மட்டுமே காரணமில்லை. மேற்கே உயர்ந்த காடுகளின் நீரெல்லாம் கோதையாற்றிலும் பறளியாற்றிலும் சேர்ந்து குழித்துறைப் பக்கம் போய்விடுகிறது. பறளியாற்றை மறித்து, ஒரு பங்கு நீரைப் பழையாற்றுக்குத் திருப்பியது பாண்டியன் அணையும் அதன் காலும். 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை அந்த ஏற்பாட்டைப் பெரிதாக்கியது. அப்படியானால் இது வெறும் கால்வாய்தானே என்று கேட்கலாம். இல்லை. திருப்பிவிட்டவர்கள் கடல்வரை புதிதாக வெட்டவில்லை. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நடுவே சரிவு பார்த்து ஆறே அறுத்து வைத்திருந்த தடத்தில் நீரை இறக்கினார்கள். செட்டித்தோப்பு, சபரி, குமரி, சோழன்திட்டை என்று வரிசையாக நிற்கும் தடுப்பணைகளின் நுட்பமும் அந்தத் தடத்தை நம்பியதுதான். ஓர் அணை வயலுக்கு அனுப்பிய நீரில் ஒரு பகுதி கசிந்தும் வடிந்தும் ஆற்றுக்கே திரும்புகிறது. அடுத்த அணை அதை மறுபடி எடுக்கிறது. கடைவரம்புக்குப் போகும் நீர், பலமுறை நெல்லுக்குப் பாய்ந்த நீர்.

அணைகள் இருக்கும்போது குளமும் வயலும் போனால் என்ன என்ற வாதம் இங்கேதான் சறுக்குகிறது. வயல் மனையானால் கசிந்து திரும்பும் நீர் குறையும். குளம் தூர்ந்தால் மழைநீர் நிற்காமல் நேரே கடலுக்குப் போகும். இப்போதும் கோடையில் ஆறு ஓடத்தானே செய்கிறது என்பார்கள். நாகர்கோவிலுக்குக் கீழே ஓடுவதில் நகரத்தின் கழிவுநீரும் கலந்திருக்கிறது; அதைக் கொண்டு வற்றாமையை அளக்க முடியாது. பேச்சிப்பாறை மதகு அடைத்த பிறகு, சித்திரை வெயிலில், நகரத்துக்கு மேலே பூதப்பாண்டிப் பக்கத்தில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.