தலைக்குள் நிற்கும் வேலைகள்

வீட்டு வேலையில் கையால் செய்வது ஒரு பகுதிதான். மீதி நினைவில் நடக்கிறது. காலையில் இட்லி வேண்டுமென்றால் முந்தைய நாள் மதியமே அரிசியும் உளுந்தும் ஊறியிருக்க வேண்டும். மாலையில் ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால்தான் இரவில் மாவு பொங்கும். ஊறப்போட இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த வேளைக்கு அது ஞாபகத்துக்கு வர வேண்டும். சிலிண்டர் பதிவு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், பெரியவர்களின் பி.பி. மாத்திரை தீரும் நாள், பள்ளிக்குக் கட்ட வேண்டிய பணம் என எல்லாம் இப்படித் தலைக்குள் வரிசை கட்டி நிற்கின்றன. நாள் முழுக்க ஓடியும் எதுவுமே முடியாதது போன்ற படபடப்பு வருவதற்கு இந்த வரிசை ஒரு முக்கியக் காரணம்.

மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியவை மிகக் குறைவு. ஏறத்தாழ ஏழு என்று 1956இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதையும் குறைத்து, நான்கைச் சுற்றித்தான் இருக்கும் என்றார். ஒரு சாதாரண நாளின் வேலைகளோ அதைப்போலப் பல மடங்கு.

முடியாத வேலை மனதை விடாமல் இழுக்கும் என்பது நெடுநாளாக ஆராயப்படும் விஷயம். பெர்லினில் புளூமா ஜைகார்னிக் 1927இல் வெளியிட்ட ஆய்வில், பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகளே ஆட்களுக்கு அதிகம் நினைவில் நின்றன. பின்னால் செய்த சோதனைகள் எல்லாவற்றிலும் இது அப்படியே கிடைக்கவில்லை. ஆனால் விட்ட வேலையை மறுபடி எடுத்து முடிக்கத் துடிக்கும் இயல்பு உறுதியாகவே தெரிந்தது. 2011இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் இன்னும் பயனுள்ள ஒன்றைக் கண்டார்கள். முடியாத வேலை, வேறொன்றைப் படிக்கும்போது குறுக்கே வந்து கவனத்தைக் கெடுத்தது. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டவர்களுக்கு அந்தத் தொந்தரவு நின்றது. வேலை அப்போதும் முடிந்திருக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஆகவே எழுதி வைப்பதில் பலன் இருக்கிறது. எப்படி எழுதுகிறோம் என்பதில் இன்னும் அதிகப் பலன் இருக்கிறது. ‘பேங்க் வேலை’ என்று குறித்தால் அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் மறுபடி யோசிக்கத் தொடங்கும். ‘செவ்வாய்க்கிழமை, பிள்ளையைப் பள்ளியில் விட்டதும் நேரே பேங்க், பாஸ்புக், ஆதார் நகல் எடுத்துப் போக’ என்று எழுதினால் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று கட்டிவிடும் இம்முறை, செய்ய நினைத்ததைச் செய்து முடிக்கப் பெரிதும் உதவுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கால்விட்சரின் ஆய்வுகள் காட்டின. எழுதும் இடம் ஒன்றாகவே இருக்க வேண்டும். பால் கணக்குக் குறிக்கும் அடுப்படிக் காலண்டரே போதும். செல்போனில் பாதி, துண்டுச் சீட்டில் பாதி என்றால் எங்கே எழுதினோம் என்பதே புதுக் கவலையாகிவிடும்.

எழுதி வைக்க நல்ல நேரம் இரவு. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடத்தி 2018இல் வெளியான சோதனையில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சிறிய சோதனைதான், ஆனாலும் செலவில்லாத பழக்கம், செய்து பார்க்கலாம்.

பட்டியல் போட்டும் பதற்றம் குறையவில்லை என்றால், பெரும்பாலும் நேரக் கணக்கு தவறியிருக்கும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் சொன்னார்கள்; ஆனதோ 55 நாளுக்கு மேல். ரேஷன் கடை வரிசையும் சர்வர் பழுதும் யாருடைய திட்டத்திலும் இருப்பதில்லை. ஒரு நாளை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடைவெளி விடுவதுதான் இதற்கு மருந்து.

இவ்வளவையும் வீட்டில் ஒருவரே செய்தால் பட்டியல் அவருடைய சுமையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தும், குறைக்காது. 2024ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். வேறு வேலைக்கு நடுவே மனதுக்குள் ஓடும் திட்டமிடலை இப்படி நிமிடத்தில் பிடிப்பதும் கடினம். ‘சொன்னால் செய்கிறேனே’ என்பவர் கைவேலையை மட்டும் வாங்கிக்கொள்கிறார். ஞாபகம் வைத்துச் சொல்லும் வேலை பழையபடி வீட்டுப் பெண்ணிடமே இருக்கிறது. மாத்திரை வாங்குவதை ஒருவர் ஏற்றால், அட்டையில் எத்தனை மிச்சம் என்று பார்ப்பதும், தீரும் முன் கடைக்குப் போவதும் அவர் பொறுப்பாக வேண்டும். காலண்டரில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதற்குப் பொறுப்பானவர் பெயரை எழுதி, இந்த வாரமே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் மாற்றி எழுதுங்கள்.