சீமைக் கருவேல் போன இடத்தில் நம்ம மரம்



சென்னீர்குப்பம், பூந்தமல்லி வட்டாரத்தில் வீடு கட்டாமல் மிஞ்சிய தரிசில் சீமைக் கருவேல் எத்தனை சீக்கிரம் மண்டுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். "வெட்டித் தள்ளிட்டா தீர்ந்துபோச்சு" என்பார்கள். தீராது. வெட்டின தூர் மறுபடி தழைக்கும். ஆடு மாடு காயைத் தின்று, சாணத்தோடு விதையைப் போட்டுக்கொண்டே போகும். தூரோடு பிடுங்கி, அந்த இடத்தை நம்ம மரங்களால் நிரப்ப வேண்டும்.

எப்படி நிரப்புவது? புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில்லில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1968-ல் அந்த ஊர் தொடங்கியபோது அது மண் அரித்துப்போன செம்மண் மேடு. மழைத்தண்ணீர் ஓடிவிடாமல் முதலில் வரப்பும் கரையும் போட்டார்கள். பிறகு, சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலிய அகேசியாவை நிழலுக்கு வைத்தார்கள். அதன் சருகில் மண் தேறியதும் வீரை, பாலை, காயா, கருங்காலி ஆகிய நாட்டு மரங்களை நட்டார்கள்.

இவைதான் நம்ம கடலோரத்துப் பழைய காட்டு மரங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு, கோடையிலும் இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்கும். பழத்தைத் தின்னும் குருவிகளே விதையைப் பரப்பிவிடும்.

சரி, விதை எங்கே கிடைத்தது? கோயில் காடுகளில்! மரக்காணம் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறது. சாமி காடு என்று கத்தி வைக்காமல் விட்டதால்தான் இந்த மரங்கள் அங்கே பிழைத்தன. அப்படிப்பட்ட தாய் மரத்தை மண்டபம் கட்டவென்று சாய்த்துவிட்டால், விதைக்கு எங்கே போவீர்கள்?

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஊர் நிர்வாகத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சரிவுக்குக் குறுக்கே கரை போடுங்கள். நமக்கு அகேசியா வேண்டாம். புங்கனும் வேம்பும் பூவரசும் நிழல் தரும். நாவல், இலுப்பை விதைகளைச் சேர்த்து வைத்தால் முளைப்பு போய்விடும். பழம் விழுந்த சில நாளிலேயே பையில் ஊன்றுங்கள். மண் நன்றாக நனைந்த பிறகு, ஐப்பசியில் கன்றை நடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரும், ஆடு கடிக்காமல் முள்வேலியும் அவசியம்.

நாட்டு மரம் மெதுவாகத்தான் வளரும். நட்டவனைவிடப் பேரனுக்குத்தான் நிழல் அதிகம். அதற்காக நடாமல் இருக்கலாமா?