ஆவடி டாங்கிகளும் 1971 போரும்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டு, 1965இல் ‘விஜயந்தா’ என்னும் தன் முதல் டாங்கியை உருவாக்கியது என்பது, சென்னையின் மேற்குப் புறநகரில் தொழில்கள் பெருகிய கதையின் ஒரு பகுதியாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. பனிப்போர் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் தம்முள் நேரடியாகப் போரிடாமலேயே பல பத்தாண்டுகள் பகை கொண்டிருந்த நிலையே பனிப்போர். அக்காலத்தில் பிளவுண்ட ஒரு நாட்டின் எதிரெதிர்த் தரப்புகளுக்கு ஆயுதமும் பணமும் அரசியல் காப்பும் தந்து, வல்லரசுகள் பின்னின்று நடத்திய சண்டைகள் நிழல் போர்கள் எனப்பட்டன. அங்கோலா இதற்குத் தெளிவான சான்று. கொரியாவிலும் வியட்நாமிலும் அமெரிக்கா தன் படையையே இறக்கிவிட்டதால், அவை இவ்வகையில் பாதியே அடங்கும்.

பாகிஸ்தானும் பிளவுண்ட நாடாகவே பிறந்தது. அதன் கிழக்குப் பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் இடையே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் இந்திய நிலம் கிடந்தது. 1954இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட படைத்துறை உதவி உடன்படிக்கையின் வழியாக அந்நாட்டிற்குப் பேட்டன் டாங்கிகள் வந்துசேர்ந்தன. எந்த அணியிலும் சேராத இந்தியா, ஆயுதத்திற்காக ஒருவரை மட்டுமே நம்பியிருந்தால் அணிசேராமை ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்பதால், பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்திடம் வடிவமைப்பைப் பெற்று டாங்கியை உள்நாட்டிலேயே செய்ய முனைந்தது. ஆவடி தொழிற்சாலை அம்முயற்சியில் பிறந்ததே.

1970 டிசம்பரில் நடந்த பாகிஸ்தான் தேர்தலில் 300 பொதுத் தொகுதிகளில் 160ஐ வென்ற, கிழக்குப் பகுதியின் கட்சியான அவாமி லீக்கிற்கு ஆட்சி மறுக்கப்பட்டதும், 1971 மார்ச்சில் அங்கு தொடங்கிய இராணுவ ஒடுக்குமுறையால் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்ததுமே 1971 இந்திய-பாகிஸ்தான் போருக்குக் காரணங்கள். இவற்றில் எதையும் வாஷிங்டனோ மாஸ்கோவோ உண்டாக்கவில்லை. ஆனால், சீனாவுடன் உறவு தேடிய அமெரிக்கா அதற்குப் பாகிஸ்தானையே பாலமாகக் கொண்டிருந்தது. அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சர் ஜூலையில் இரகசியமாகப் பெய்ஜிங் சென்றதும் அவ்வழியேதான். அடுத்த மாதம் 9ஆம் நாள் இந்தியா சோவியத் ஒன்றியத்துடன் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டது.

போர் முறைப்படி தொடங்குவதற்கு முன்பே, நவம்பர் 20, 21 நாட்களில், கிழக்குப் பாகிஸ்தானின் ஜெசூர் அருகே கரீப்பூரில் இந்தியாவின் பி.டி.-76 டாங்கிகளும் பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளும் மோதின. முன்னவை சோவியத்திலும் பின்னவை அமெரிக்காவிலும் செய்யப்பட்டவை. இரண்டையும் இயக்கியவர்களோ துணைக்கண்டத்தவர். நீரில் மிதந்து செல்லும் இலகுவான பி.டி.-76, ஆறுகள் நிறைந்த வங்காளத்திற்கு ஏற்றதாக இருந்தது. ஏறத்தாழ 40 டன் எடையுள்ள ஆவடி விஜயந்தாவுக்கு மேற்கு எல்லையே தக்க களம். டிசம்பரில் அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவை நோக்கி வந்தது. ஐ.நா. பாதுகாப்பு அவையில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானங்களைச் சோவியத் ஒன்றியம் மும்முறை மறுப்பாணையால் தடுத்தது. டிசம்பர் 16இல் கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகர் டாக்கா வீழ்ந்தது. போரின் காரணங்கள் துணைக்கண்டத்திலேயே பிறந்தவை என்பதால், 1971 போரை நிழல் போர் என்று மட்டும் அழைப்பது, வங்காளிகளின் உரிமைப் போராட்டத்தை வல்லரசுகளின் கணக்கில் எழுதுவதாகும். அவற்றின் போட்டி, போர் எவ்வளவு நாள் நீளலாம் என்பதையும் யாருடைய ஆயுதத்தால் நடக்கும் என்பதையுமே தீர்மானித்தது.

அதன்பின் ஆவடி மாஸ்கோவை நெருங்கியது. 1980களில் சோவியத் டி-72 டாங்கிகள் உரிமம் பெற்று ‘அஜேயா’ என்ற பெயரில் அங்கு செய்யப்பட்டன. அருகிலேயே 1976இல் அமைந்த போர் வாகன ஆய்வு நிறுவனம் வடிவமைத்த ‘அர்ஜுன்’ உள்நாட்டு டாங்கி என்றாலும், அதன் என்ஜின் ஜெர்மனியிலிருந்து வந்தது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின், 1990களில் உக்ரைனின் கார்கிவ் நகரத் தொழிற்சாலை பாகிஸ்தானுக்கு 320 டி-80யு.டி. டாங்கிகளை விற்றது. அதற்கு ஈடாக இந்தியா 2001இல் ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்கிகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. அவ்வகை டாங்கிகளே பின்னர் ‘பீஷ்மா’ என்ற பெயரில் ஆவடியில் உருவாயின.