ஆகாய அலையும் மாதச் சந்தாவும்

குடவாசல் கடைத்தெருவில் செல்வோர் ஒரு கணம் தலை நிமிர்ந்து பார்ப்பாராயின், கம்பத்திற்குக் கம்பமும் மாடிக்கு மாடியும் தென்னைக்குத் தென்னையுமாகக் கட்டிச் செல்லும் கறுப்புக் கம்பிகளைக் காண்பர். அவை கேபிள் டெலிவிஷன் கம்பிகள். சோழ நாட்டில் வாய்க்கால் என்பது நீரைக் கொண்டுவருவது. இந்தக் கறுப்பு வாய்க்காலோ வீட்டிற்குள் படத்தைக் கொண்டுவந்து, மாதந்தோறும் ரூபாயைக் கொண்டு செல்கிறது. அதே வீடுகள் சிலவற்றின் மேல்தளத்தில் பழைய ஆன்டெனாக் கம்பம் ஒன்று காக்கை உட்காருவதற்கென்று இன்னும் நிற்கிறது. கம்பியை அறுத்துவிட்டு, ஆகாயத்தில் இலவசமாக வரும் டெலிவிஷனையே பார்த்துக்கொள்ளலாகாதா என்று வீட்டுச் செலவைக் கணக்கிடும் கிரகஸ்தர் கேட்பது நியாயமே. இக்கேள்வி பார்வைக்குச் சிறிது. ஆயினும் இதற்கு விடை தேடப் புகுவோர், தேசத்தின் பொதுச் சொத்து ஒன்று காவிரிக் கரை ஜனங்களின் கையிலிருந்து ஓசையின்றி நழுவிப்போன கதையில் வந்து நிற்பர்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி முதல் டிராய் என்னும் ஒழுங்குமுறை ஆணையம் புதிய கட்டண முறையை அமலுக்குக் கொண்டுவந்தது. நூறு சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேற்படலாகாது, அதன்மேல் வரி, அதற்கும் மேல் விலையுள்ள சேனல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்பது ஏற்பாடு. வேண்டியதை மட்டும் வாங்கலாம், ஆகையால் செலவு குறையும் என்றனர். பல வீடுகளில் செலவு ஏறிற்று என்பதே அனுபவம். 2024-ஆம் ஆண்டில் அந்த 130 ரூபாய் வரம்பும் எடுக்கப்பட்டுவிட்டது. மாதம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,400, பத்தாண்டுக்கு 24,000. நடவுக்கும் களைபறிப்புக்கும் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்திற்கு இது அற்பத் தொகையன்று.

இந்நிலை என்றும் இருந்ததன்று. சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி துவக்கப்பட்டது. கொடைக்கானல் மலைக் கோபுரம் பின்னர் எழுந்தது. அதற்கு முன்பே வேதாரணியம், கோடிக்கரைப் பக்கத்தில் உயர்ந்த மூங்கிலில் ஆன்டெனாவைக் கட்டி, 1982-இல் துவங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பார்த்தவர் உண்டு. கடலுக்கு அப்பாலிருந்து வந்த அலை நமது கூரைக்கு இலவசமாக வந்தது. சொந்த தேசத்தின் அலை வரவில்லை! பிறகு அதுவும் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க, டெலிவிஷன் உள்ள வீட்டுத் திண்ணையில் தெரு முழுவதும் கூடிய காலத்தை நேயர்களில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். பெட்டி வாங்கியவருக்கு அதன்பின் செலவு கிடையாது.

1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி சன் டிவி துவங்கியதும் நிலைமை மாறிற்று. தூரதர்ஷன் தமிழுக்கு ஒதுக்கிய நேரம் சிறிது. தனியாரோ நாள் முழுவதும் தமிழ் தந்தனர். ஜனங்கள் கேபிளுக்குச் சென்றதில் வியப்பென்ன? தமிழ் எங்கே கிடைத்ததோ அங்கே சென்றனர். 2006-ஆம் ஆண்டு முதல் மாகாண சர்க்கார் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வர்ண டெலிவிஷன் பெட்டிகளை இலவசமாக வழங்கிற்று. பெட்டி இலவசம், அதில் படம் தெரிவதற்கு மட்டும் மாதச் சந்தா. 2011-இல் அரசு கேபிள் ஸ்தாபனம் புத்துயிர் பெற்று, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தபோது ஏழைகளுக்கு ஆறுதல் ஏற்பட்டது உண்மை. ஆனால் அதுவும் கம்பியே, அதுவும் சந்தாவே.

இதற்கிடையில் ஆகாயத்திற்கு நேர்ந்த கதி யாது? பிரசார் பாரதி ஸ்தாபனம் 2021-ஆம் ஆண்டில் பழைய முறை டெலிவிஷன் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. எல்லைப்புறம் போன்ற முக்கியமான இடங்களில் சுமார் ஐம்பது நீங்கலாக, மிஞ்சியவற்றையும் 2022 மார்ச்சுக்குள் நிறுத்துவதாக அறிவித்தது. பழைய முறை பயனற்றுப்போனதென்பதை நாம் மறுக்கவில்லை. ஒரு நிகழ்ச்சியைச் சுமந்த அதே அலைவரிசை, புதிய டிஜிட்டல் முறையில் பத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளைச் சுமக்க வல்லது. ஆகவே பழையதை நிறுத்தியவர்கள் புதியதைக் கொடுத்தார்களா என்பதே கேள்வி. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பதினாறு நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் துவக்கினர். தமிழ்நாட்டில் அப்பேறு பெற்றது சென்னை ஒன்றே. அந்தக் கோபுரத்தின் அலை காவிரிக்கரையை எட்டாது. குடவாசல் கிரகஸ்தர் இன்று மாடியேறிப் பழைய ஆன்டெனாவை எந்தத் திசைக்குத் திருப்பினாலும் காக்கையைத்தான் விரட்டலாம்.

ஆகாய அலை எவருடைய சொத்து? 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி, வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதற்கு விடை கூறிவிட்டது. அலைகள் பொதுச் சொத்து. சர்க்காருடைய ஏகபோகமும் அன்று, தனவந்தர்களுடைய ஏகபோகமும் அன்று. பொதுஜன நன்மைக்காகவே அவை ஆளப்படவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அச்சொத்தின் மதிப்பு இன்னதென்று அறிய விரும்புவோர், 2022 ஆகஸ்டில் கைப்பேசிக் கம்பெனிகளுக்கு அலைக்கற்றை ஏலம் விட்டதில் சர்க்காருக்குச் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்கப்பட்டதை நினைக்கலாம். சொத்துக்கு உடையவர்கள் ஜனங்கள். அவர்களுக்கு அதிலிருந்து ஒரு கோபுரம் கூட வரவில்லை.

அலையால் சோழ நாட்டுக்கு என்ன பிரயோஜனம், பொழுதுபோக்குத்தானே என்பார் உண்டு. அவர்கள் ‘ரேடியோ நெல்’ என்ற பெயரைக் கேட்டதில்லை போலும். குடவாசலிலிருந்து அதிக தூரமில்லாத ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில், ஜப்பான் ரகத்தோடு நமது ரகத்தைக் கலந்து உண்டாக்கிய ஏ.டி.டி. 27 என்னும் குறுவை நெல் 1960-களின் நடுவில் வெளிவந்தது. அப்போது தஞ்சாவூர் ஜில்லா தீவிர விவசாயத் திட்டத்தில் சேர்ந்திருந்தது. திருச்சி வானொலி அந்நெல்லின் விதைப்பு, நாற்று, உரம், மருந்து ஆகியவற்றை நாள்தோறும் எடுத்துச் சொல்லிற்று. எழுதப் படிக்கத் தெரியாத மிராசு ஆளும், கணக்கப்பிள்ளையும், குத்தகைதாரரும் ஒரே வேளையில் ஒரே செய்தியைக் கேட்டனர். நெல்லின் அரசாங்கப் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. ரேடியோவில் சொன்ன நெல் என்றே அது பெயர் பெற்றுவிட்டது. பின்னாளில் தூரதர்ஷனில் வந்த ‘வயலும் வாழ்வும்’ அதன் தம்பி. சந்தா கட்டாதவன் வீட்டு வாசலிலும் நுழைவது அலை ஒன்றே என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. 2019-இல் மாகாண சர்க்கார் துவக்கிய கல்வித் தொலைக்காட்சியில் 2020-ஆம் ஆண்டுத் தொற்றுக் காலத்தில் பாடங்கள் வந்தபோது, கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டிருந்த வீட்டுப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிப்பது என்று யோசித்தவர் எத்தனை பேர்?

இனி, இன்றே கம்பியை விட விரும்புவோருக்கு உள்ள வழி. 2004 டிசம்பரில் துவங்கிய தூரதர்ஷனின் இலவச டிஷ் ஏற்பாடு ஒன்றே அது. டிஷ்ஷும் பெட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 1,500 முதல் 2,000 ரூபாய்; அதன்பின் சந்தா இல்லை. சேனல்களை வழங்கும் ஜிசாட் 15 என்னும் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. குடவாசல் மாடியிலிருந்து பார்த்தால் அது அக்கினி மூலையில், ஏறத்தாழ எழுபது பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சிவானத்தில் உள்ளது. ஆகவே டிஷ்ஷை நன்றாக மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். தென்கிழக்கில் தென்னை தலைக்குமேல் கவிந்திருந்தால் படம் வராது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையென்று அறிவிக்கப்படும் விளையாட்டுப் பந்தயங்களை 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி தூரதர்ஷனோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அப்படிப் பகிர்ந்த ஒளிபரப்பைத் தனியார் கேபிள்களில் காட்டலாகாது என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததால், அப்பந்தயங்கள் இலவச டிஷ்ஷில்தான் சந்தாவின்றிக் கிடைக்கும். கிரிக்கெட் பித்துள்ள இளைஞர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஆயினும் பெட்டியைத் திறந்ததும் மனம் சோர்ந்துபோகும். சேனல் சேனலாகத் தள்ளினால் பெரும்பாலும் இந்தி. 2024 ஜனவரியில் பொதிகை என்ற அழகிய பெயரை இழந்து ‘டிடி தமிழ்’ எனப் புதுப்பெயர் பெற்ற சேனலைத் தவிர, தமிழ் வீடு விரும்பிப் பார்க்கத்தக்கவை சொற்பம். காரணம் இரகசியமன்று. தனியார் சேனல்களுக்கான இடங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன. வட நாட்டு விளம்பரப் பணம் அதிகத் தொகை கேட்கிறது. பொதுச் சொத்தை ஏலத்தொகை ஒன்றையே அளவுகோலாக வைத்துப் பங்கிட்டால், பாஷைகளுக்குள் பங்கு சமமாக இராது என்பது எளிதில் விளங்கக்கூடியதே. குடவாசல் மூதாட்டி 2,000 ரூபாய் கொடுத்து டிஷ் வாங்கி, புரியாத பாஷையில் மாமியார் மருமகள் சண்டை பார்க்கவேண்டுமென்பது என்ன நீதி? அதனால்தான் ஒரு மாதம் பொறுத்துவிட்டு மறுமாதம் கேபிள்காரரை மீண்டும் அழைக்கிறார்கள்.

டிஷ்ஷுக்கு மற்றொரு குறையும் உண்டு. டெல்டாவுக்கு அது பெருங்குறை. அது பயன்படுத்தும் உயர் அதிர்வெண் அலையைக் கனமழை விழுங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில் வானம் இருண்டு, வீட்டார் புயல் எங்கே என்று அறியத் துடிக்கும் அதே நாழிகையில் திரை கறுத்துப்போகும். தரைக் கோபுரத்தின் தாழ்ந்த அதிர்வெண் அலைக்கு மழை பெரிய தடையன்று.

கேபிள் மட்டும் அந்த வேளையில் உதவுமோ? 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் வேதாரணியத்தருகே கரை கடந்த கஜா புயலை யார் மறப்பர்? ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னந்தோப்புகள் படுத்தன. தென்னையோடும் கம்பத்தோடும் கட்டியிருந்த கேபிள் கம்பியும் படுத்தது. சில கிராமங்களில் மின்சாரம் வர வாரங்கள் ஆயின. நிவாரணம் எங்கே கொடுக்கிறார்கள், குடிநீர் லாரி எந்தப் பாதையில் வருகிறது என்ற செய்தியை அறிய, மூலையில் கிடந்த டிரான்ஸிஸ்டருக்குப் பேட்டரி தேடியவர்கள் உண்டு. டீசல் எஞ்சின் உள்ள ஒரு கோபுரமும், வீட்டில் பேட்டரியில் ஓடும் ஒரு சிறு பெட்டியும் இருந்தால், நடுவில் அறுந்துவிழக் கம்பி ஏது? கைப்பேசிக்கே நேராக ஒளிபரப்பும் முறையையும் நமது தேசத்தில் சோதித்திருக்கிறார்கள். அதற்கும் வேண்டியது தரைக் கோபுரமே.

கேபிள்காரர்மீது நமக்குப் பகைமையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். அவர் பெரும்பாலும் அதே தெருப் பிள்ளை. மழையில் கம்பமேறி, பாக்கிக்கு நாலு நடை நடந்து பிழைப்பவர். சந்தாவின் பெரும்பகுதி அவருக்கு நிற்பதில்லை, மேலே செல்கிறது. 2022 நவம்பரில் அரசு கேபிளுக்கு மென்பொருள் கொடுத்த தனியார் கம்பெனியோடு ஏற்பட்ட தகராறில் மாகாணமெங்கும் பல லட்சம் பெட்டிகள் ஒருங்கே ஊமையானபோது, வீடுதோறும் வசை வாங்கியவரும் அவரே. எங்கோ ஒரு கணிப்பொறியின் சாவி ஒருவர் கையில் இருந்தால், சர்க்கார் ஸ்தாபனமே ஆனாலும் கதி இதுதான்.

பிற தேசங்கள் பழைய முறையைக் கைவிட்டபோது எவ்விதம் நடந்துகொண்டன? பிரிட்டனில் 2002-இலேயே ஃப்ரீவியூ என்னும் இலவச டிஜிட்டல் தரைவழி ஏற்பாட்டை நிறுவி, பத்தாண்டு கழித்து 2012 அக்டோபரில்தான் பழைய அலையை முழுதும் நிறுத்தினர். அங்கே லைசென்ஸ் கட்டணம் உண்டு என்பது மெய். ஆயினும் சாதாரண ஆன்டெனாவுக்குப் பல பத்துச் சேனல்கள் வருகின்றன. ஜப்பான் 2011 ஜூலை 24-ஆம் தேதி மாறிற்று. ஆனால் அவ்வாண்டு மார்ச்சில் பூகம்பமும் ஆழிப்பேரலையும் தாக்கிய மூன்று ஜில்லாக்களில் மட்டும் பழைய அலையை 2012 மார்ச் இறுதிவரை நிறுத்தாமல் வைத்தது. கஷ்டத்திலிருக்கும் பிரதேசத்தின் கையிலிருந்து கடைசி விளக்கைப் பிடுங்கலாகாது என்ற அறிவு அந்த சர்க்காருக்கு இருந்தது.

பணம் எங்கே என்று டில்லி கேட்கும். 2023 ஜனவரியில் வானொலிக்கும் தூரதர்ஷனுக்குமாக 2,539 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டத்தை மத்திய மந்திரிசபை ஏற்றது. தொலைதூரப் பகுதிகளுக்கும் பழங்குடி, எல்லைப் பிரதேசங்களுக்கும் எட்டு லட்சம் இலவச டிஷ் பெட்டிகள் அதில் உண்டு. அது நல்ல காரியம், குறை கூறமாட்டோம். ஆனால் ஆண்டுதோறும் புயலின் வாயில் நிற்கும் காவிரிக் கடைமடை எந்தப் பட்டியலில் சேரும்? ஆன்டெனாவில் பார்ப்போர் தொகை குறைந்துவிட்டது என்பது அதிகாரிகள் கூறும் இன்னொரு சமாதானம். இரண்டொரு நிகழ்ச்சியை மட்டும் பல ஆண்டு அனுப்பிக்கொண்டிருந்தால் பார்ப்போர் குறையாமல் வேறென்ன ஆகும்? வாய்க்காலைத் தூர்த்துவிட்டு, இங்கே யாரும் பயிரிடுவதில்லை என்று கணக்கெழுதுவது போன்றது இது.

ஆகவே கேட்கவேண்டியவை இரண்டு. டெல்டாவுக்கு ஒரு டிஜிட்டல் தரைவழிக் கோபுரம்: அதில் டிடி தமிழ், கல்வித் தொலைக்காட்சி, வேளாண்மைக்கும் வானிலைக்கும் ஒரு சேனல், இடமிருக்குமளவு தமிழ்த் தனியார் சேனல்கள். இலவச டிஷ்ஷில் ஏலத்திற்கு வெளியே தமிழுக்கென்று ஒதுக்கிய இடங்கள். இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றக் குடவாசல் பேரூராட்சி மன்றத்திற்குத் தடையேதுமில்லை. குடவாசல் நன்னிலம் சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்தது; நன்னிலமும் வேதாரணியமும் நாகப்பட்டினம் பார்லிமெண்ட் தொகுதியில் அடங்கியவை. எனவே கஜா கரை கடந்த மணலுக்கும் குடவாசல் கடைத்தெருவுக்கும் டில்லியில் அங்கத்தினர் ஒருவரே. மன்றத்தின் தீர்மானமும், கடற்கரை ஊர்களின் தீர்மானமும் அடுத்த ஐப்பசிக்கு முன் அவர் கையில் சேரட்டும்.